லீவான் ஹெல்மின் மனத்தாங்கல்

நேயர்களுக்கு வணக்கம். ராக் இசைக்கலைஞர் ஒருவரின் தன்வரலாறு கையில் கிடைத்தால், பழைய கூட்டாளிகளைப் பற்றிய பக்கங்களைத்தான் நான் முதலில் புரட்டுவேன். ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போய், ஒரே அறையில் படுத்து எழுந்து, பிறகு பேச்சுவார்த்தை அற்றுப்போனவர்கள் அவர்கள். அது பங்காளிச் சண்டை. பாகம் பிரிக்க வேண்டிய சொத்து மட்டும் நிலமல்ல, பாட்டு.

அப்படி என்னை உலுக்கிய நூல், 'தி பேண்ட்' குழுவின் டிரம்ஸ் கலைஞர் லீவான் ஹெல்ம் 1993இல் வெளியிட்ட 'திஸ் வீல்ஸ் ஆன் ஃபயர்'. ஸ்டீபன் டேவிஸ் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து எழுதியது. ஹெல்ம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துப் பருத்தி விவசாயியின் மகன். குழுவில் மற்ற நால்வரும் கனடாக்காரர்கள்: ராபி ராபர்ட்சன், ரிக் டாங்கோ, ரிச்சர்ட் மேனுவல், கார்த் ஹட்சன். 1965இல், நாட்டுப்புறப் பாடகராகப் பேர்பெற்றிருந்த பாப் டிலனுக்குப் பக்கவாத்தியம் வாசித்தபோது, மின்கிதாரை ஏற்காத ரசிகர்கள் ஊருக்கு ஊர் கூச்சலிட்டார்கள். ஹெல்முக்கு அது பொறுக்கவில்லை. விலகிப் போய், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் கூலிவேலை பார்த்தார். 1967இல் தோழர்கள் அழைக்கத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு வந்த முதல் இசைத்தட்டும், 1969இல் வந்த இரண்டாவதும் அமெரிக்க இசையின் போக்கையே திருப்பிவிட்டன.

அந்த இசைத்தட்டுகளின் உறையில்தான் பிணக்கு தொடங்குகிறது. முதல் தட்டில் மேனுவலின் பெயரும் பல பாடல்களுக்கு உண்டு. போகப்போகப் பெரும்பாலான பாடல்களுக்கு ராபர்ட்சன் பெயர் மட்டுமே. ஐந்து பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து உருவாக்கிய பாட்டு எப்படி ஒருவருடையதாகும் என்று ஹெல்ம் கேட்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்பகுதியைப் பற்றிய பாடலை ராபர்ட்சன் எழுத முனைந்தபோது, அந்தக் காலத்து வரலாறு தெரியட்டும் என்று அவரை நூலகத்துக்கு அழைத்துப் போனது தானே என்கிறார். பாடியதும் ஹெல்ம்தான். பாடலுக்குரியவர் என்று பதிவானது ராபர்ட்சன் பெயர்.

இது வெறும் பெருமைச் சண்டையன்று. சட்டத்தின் கண்ணில் 'பாடல்' என்றால் சொல்லும் மெட்டும்தான். தாளத்தின் நடை, குரல்கள் பின்னும் விதம், ஒரு கருவியின் விசித்திர ஒலி எல்லாம் அந்தக் கணக்கில் வருவது அரிது. 'அப் ஆன் கிரிப்பிள் கிரீக்' பாடலில் ஹட்சன் தம் விசைக்கருவியை ஒரு மிதிகட்டை வழியாகச் செலுத்தி, வாயில் வைத்து மீட்டும் நாட்டுப்புற வாத்தியத்தைப் போல ஒலிக்கச் செய்கிறார். அந்த ஒலியை எடுத்துவிட்டால் பாட்டே வேறு. ஆனால் அதில் அவர் பெயர் இல்லை. இன்னொன்று, வானொலியில் பேசுவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் பணம் போகும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சல்லிக்காசு கிடையாது.

1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் குழு விடைபெறும் கச்சேரி நடந்தது. அதைத் திரைப்பட இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி படமாக்கி 1978இல் வெளியிட்டார். கேமரா ராபர்ட்சன் மேலேயே நிற்கிறது, மேனுவலையும் ஹட்சனையும் தேட வேண்டியிருக்கிறது என்று ஹெல்ம் கொதிக்கிறார். படத்தை மறுபடி பார்த்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ராபர்ட்சன் பக்கத்தையும் கேட்க வேண்டும். அவருடைய தன்வரலாறு 'டெஸ்டிமனி' 2016இல் வந்தது. காலையில் எழுந்து பேனாவோடு உட்கார்ந்தவர் அவர்தான் என்பதை நான் மறுக்க மாட்டேன். வெற்றுத்தாளோடு போராடுவது எளிய வேலையல்ல. பதினாறு வயதில் ஆர்கன்சாவுக்கு வந்திறங்கிய தன்னைத் தம்பியாக ஏற்றுக்கொண்ட ஹெல்மைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களில் பாசம் ததும்புகிறது. ஆனால் அந்த நூல் 1976ஆம் ஆண்டுக் கச்சேரியோடு நின்றுவிடுகிறது. 1983இல் அவர் இல்லாமல் மற்றவர்கள் மறுபடி சேர்ந்ததும், 1986இல் மேனுவல் தற்கொலை செய்துகொண்டதும், 1993இல் ஹெல்ம் தொடுத்த குற்றச்சாட்டுகளும் அந்த வாசலுக்கு வெளியே நிற்கின்றன. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் கதவை மூடிவிட்டார் என்பது என் வருத்தம். ஹெல்மின் நூலில் கசப்பு அதிகம், சில இடங்களில் அநியாயமாகவும் பேசுகிறார். ஆயினும் மேனுவலுக்காகவும் டாங்கோவுக்காகவும் அவர் பேசும்போது, தமக்காக மட்டும் கேட்கவில்லை என்பது தெரிகிறது. அதனால் என் மனம் அவர் பக்கமே சாய்கிறது.

1994இல் ராக் இசையின் புகழ்மன்றத்தில் குழு சேர்க்கப்பட்டபோது ஹெல்ம் போகவில்லை. 2012 ஏப்ரலில் நியூயார்க் மருத்துவமனையில் அவர் இறுதி நாட்களில் இருந்தபோது, ராபர்ட்சன் போய் நெடுநேரம் அருகில் அமர்ந்திருந்தார். ஏப்ரல் 19 அன்று ஹெல்ம் காலமானார். இப்போது ஐவருமே இல்லை.

இந்தக் குழுவின் 'தி வெயிட்' பாடலைத் தேடிக் கேளுங்கள். பல்லவி முடிகிற இடத்தில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு குரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறும். உறையில் ராபர்ட்சன் பெயர் மட்டும்தான் இருக்கும். ஏறுகிற குரல்களை எண்ணிக்கொண்டே கேளுங்கள். வணக்கம்.