தராசு பிடிப்பவருக்கு ஒரு பயிற்சி

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நேர்மையான வணிகத்தைப் பயிற்சி, ஆய்வு, நிகழ்ச்சிகள் வழியாக எப்படி வளர்க்கலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். கல்லூரியில் வணிகவியல் சொல்லிக் கொடுக்கிறேன். கடை ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பும் எடுத்து வருகிறேன். அதனால் என் மனக்குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வணிக நேர்மை பற்றிக் கூட்டம் போட்டால் முன்வரிசையில் முதலாளிகள் இருப்பார்கள், சங்கப் பொறுப்பாளர்கள் இருப்பார்கள். தராசு பிடிப்பவரும், பில் போடுபவரும், சேலையை விரித்துக் காட்டுபவரும் அந்த நேரத்தில் கடையில் நின்றுகொண்டிருப்பார்கள். ஆனால் வாங்க வந்தவரிடம் உள்ளதைச் சொல்வதா, மறைப்பதா என்ற கேள்வி நாள் முழுக்க எழுவது அவர்களுக்குத்தான்.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வகுப்பில் கேட்டார்: “சார், இது கட்டுச் சுங்குடியான்னு கேக்குறாங்க. அச்சுன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிடுறாங்க. நான் என்னதான் சொல்லட்டும்?”

உண்மையைச் சொல் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அவருக்கு அதனால் என்ன பயன்? நான் கட்டு ஒன்றும் அச்சு ஒன்றுமாக இரண்டு சுங்குடிச் சேலைகளை மேசையில் விரித்துப் போட்டேன். கட்டுச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு பிரித்ததால் வந்தது. அதனால் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும். விரலால் தடவினால் கட்டுப் போட்ட இடத்தில் சின்னச் சுருக்கம் தட்டுப்படும். ஸ்கிரீன் அச்சில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. துணியைத் திருப்பிப் பார்த்தால் நிறம் மங்கலாக இருக்கும். அந்தத் தம்பி சில வருடங்களாகச் சுங்குடி விற்கிறார். இதை அவருக்கு யாரும் காட்டித் தந்ததில்லை.

அப்புறம் ஒரு பேச்சைப் பழகினோம். “அம்மா, இது அச்சு, அதனாலதான் இந்த விலை. வீட்டுல கட்டத் தோதா இருக்கும். கட்டுச் சுங்குடி வேணும்னா தனியா இருக்கு, அதையும் காட்டுறேன்.” தயங்காமல் வாயில் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சரக்கைத் தெரியாதவர் சமாளிக்கத்தான் பொய் சொல்கிறார். சரக்கைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பொய் குறைந்துவிடும் என்று நம்புகிறேன்.

மீதிப் பாதி முதலாளி கையில் இருக்கிறது. அன்றைக்கு எத்தனை சேலை விற்றாய் என்று மட்டும் பார்த்து இன்சென்டிவ் கொடுத்து, வாங்காமல் போனவருக்கு அந்தப் பையனைத் திட்டினால், என் வகுப்பு சாயங்காலம் வரைகூடத் தாங்காது. அதனால்தான் பயிற்சிக்குக் கூப்பிடும் முதலாளிகளிடம், இன்சென்டிவ் எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். நின்றே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்த இருக்கை கடையில் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். நாள் முழுக்க நிற்க வைத்துவிட்டு நேர்மை வகுப்புக்கு அனுப்புவது நியாயமே இல்லை.

எடைக்கு வருவோம். இனிப்புக் கடையில் கிலோ 600 ரூபாய்க்கு வாங்குகிறோம். அட்டைப்பெட்டி 80 கிராம் இருந்து, அதையும் சேர்த்து நிறுத்தால், 48 ரூபாய் அட்டைக்குப் போகிறது. தராசிலேயே இதற்கு வழி இருக்கிறது. வெறும் பெட்டியை வைத்து ‘டேர்’ பொத்தானை அழுத்தினால் எடை பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிறகு இனிப்பை நிரப்பலாம். ஒரு விநாடி வேலை. அதைச் செய்யாமல் விடுகிற எல்லோரும் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்ல. பழக்கிவிட்டவர் அப்படித்தான் பழக்கியிருப்பார். மின்னணுத் தராசு சரியாக இருக்கிறது என்று தொழிலாளர் துறையிடம் ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வாங்க வேண்டும், அந்தச் சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். எடை போடுகிற பையனுக்கு இது தெரிந்தால், முத்திரைத் தேதி முடிந்ததை அவனே முதலாளிக்கு நினைவுபடுத்துவான்.

இதற்கெல்லாம் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் நம் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விவசாயிக்கு அடையாள அட்டை, கையில் தராசு, வாசலில் அன்றைய விலையை எழுதிய பலகை. பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிற அம்மாவிடம் தக்காளிக்கு இஷ்டத்துக்கு விலை சொல்ல முடியாது. விற்கிறவருக்கும் அந்தச் சபலம் வராது. யாருக்கும் நீதி போதனை செய்யாமல், ஏற்பாட்டைக்கொண்டே நேர்மையை எளிதாக்கிய இடம் அது. வணிகவியல் மாணவர்களை ஒரு காலை நேரம் அங்கே கூட்டிப்போய் நிறுத்தினால், புத்தகத்தில் ஒரு பாடம் படிப்பதைவிட அதிகம் கற்பார்கள்.

ஆய்வு என்றதும் நம் கல்லூரிகளில் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். “நீங்கள் நேர்மையாக வியாபாரம் செய்கிறீர்களா?” என்று கேட்டால் இல்லை என்று யார் சொல்வார்? அதற்குப் பதிலாகக் கால் கிலோ பருப்பும் அரை கிலோ வெங்காயமும் வாங்கி, முத்திரையிட்ட தராசில் நிறுத்துப் பார்க்கட்டும். கடைப் பெயரை வெளியிட வேண்டாம். கண்டதைக் கடைக்காரரிடமே கொண்டுபோய்ச் சொல்லட்டும்.

2019-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 40 நாடுகளில், இந்தியாவும் அதில் உண்டு, வங்கி, ஓட்டல், தபால் நிலையம் போன்ற இடங்களின் கவுன்டரில் இருப்பவர்களிடம் “இது வெளியே கிடந்தது” என்று பர்ஸ்களைக் கொடுத்தார்கள். மொத்தம் 17,000-க்கும் மேல். பணம் இருந்தால் சுருட்டிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலான நாடுகளில் பணம் இல்லாத பர்ஸைவிடப் பணம் இருந்த பர்ஸுக்குத்தான் உரியவரைத் தேடி அதிகம் பேர் தகவல் அனுப்பினார்கள். கவுன்டரில் நிற்கும் சாதாரண ஊழியர்கள்தான் அவர்கள். கல்லாவுக்கு மேலே கேமரா மாட்டும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வு என்று சொல்லப்படுவதை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் முடியாது. படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலே போட வைத்தால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் மேற்கோள் காட்டினார்கள். 2021-ல் அதன் தரவே போலி என்று தெரிந்து திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்விலேயே இப்படி நடந்திருக்கிறது. பயிற்சி தருபவர்கள் எதைச் சொன்னாலும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

விருது விழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கான விருது கொடுத்தார்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே கணக்கைத் திரித்ததாக எழுதிக் கொடுத்தார். மேடையில் சால்வை போடுவதை வைத்து ஒரு கணக்குப் புத்தகத்தை எடைபோட முடியாது. நமக்கு வேறு மாதிரி நிகழ்ச்சிகள் வேண்டும். நிறையப் பேர் கூடுகிற இடத்தில், கையால் செய்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கும்போது ஒரு ஸ்டால் போடலாம். முத்திரையிட்ட தராசு ஒன்று, கட்டுச் சுங்குடி ஒன்று, அச்சு ஒன்று. வாங்கிய பொருளை யார் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்க்கலாம், சேலையைத் தடவிப் பார்க்கலாம். புகாருக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை எழுதி வைக்கலாம். அதே ஸ்டாலில் ஒரு மேசையைச் சிறு தொழில் நடத்துபவர்களுக்காகவும் ஒதுக்க வேண்டும். பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தால், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் வட்டியும் சேரும். பாக்கிக்காக நடையாய் நடக்கும் பட்டறைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. பணம் கொடுக்க வேண்டிய கம்பெனிக் கணக்குப்பிள்ளைகளையும் அந்த மேசைக்கு அழைக்க வேண்டும்.

தராசைத் தொழிலாளர் துறையிடம் கேட்கலாம். இடச் செலவை வணிகர் சங்கங்கள் ஏற்றால் போதும். ஸ்டாலில் நின்று விளக்கிச் சொல்ல என் மாணவர்களை நான் அழைத்து வருகிறேன். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கடைக்காரர்கள், அந்த வாரம் உங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் அரை நாள் விடுப்புக் கொடுத்து அனுப்பி வையுங்கள்.

நன்றி. வணக்கம்.