பழைய ராணுவ கார்பைனா, புதிதாகச் செய்த நகலா? சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்வி

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் நீளமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் நம்ம சுங்கை சிப்புட்காரர், என்னைவிட வயதில் இளையவர், அதனால் தம்பி என்றே சொல்கிறேன். தம்பியின் அக்கா குடும்பம் அமெரிக்காவில், டெக்சாசில் இருக்கிறது. அக்கா மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், அந்த நாட்டுக் குடிமகன். அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு நின்ற தாத்தாவின் படம் ஒன்று வீட்டில் இருக்கிறதாம், கையில் குட்டையாக ஒரு துப்பாக்கி. அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பையனுக்கு ஆசை. கடையில் எம்1 கார்பைன் என்கிற அமெரிக்க ராணுவக் குட்டைத் துப்பாக்கி இரண்டு பார்த்திருக்கிறான். ஒன்று இரண்டாம் உலகப் போர் காலத்து ராணுவச் சரக்கு, இன்னொன்று இப்போது புதிதாகச் செய்த நகல். இரண்டுமே ஆயிரம் டாலருக்கு மேல், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை வாங்கச் சொல்வது? அப்புறம், சுடாத நகல் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து இங்கே நம் வீட்டு ஹாலில் மாட்டலாமா? இவ்வளவுதான் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன், ஆனால் பதிலை இப்போதே காதில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆர்டர் போடப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, எம்1 கார்பைன். அமெரிக்க ராணுவம் இதை 1941 கடைசியில் ஏற்றுக்கொண்டது. போர் முடிவதற்குள் 60 லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். செய்தவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பெயர் பெற்ற துப்பாக்கிக் கம்பெனி என்றால் வின்செஸ்டர் ஒன்றுதான். மற்றபடி ஜெனரல் மோட்டார்சின் இன்லண்ட் பிரிவு, ஐபிஎம், அண்டர்வுட் என்ற டைப்ரைட்டர் கம்பெனி, காசு போட்டால் பாட்டுப் போடும் பெட்டி செய்துகொண்டிருந்த ராக்-ஓலா, இப்படிப் போகிறது பட்டியல். இத்தனை இடத்தில் செய்தும், டைப்ரைட்டர்காரன் செய்த போல்ட், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகம், பாட்டுப்பெட்டிக்காரன் செய்த ரிசீவர் என்ற உடல் பாகத்தில் போய் ஒழுங்காக உட்கார வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. எல்லோருக்கும் ஒரே வரைபடம், ஒரே அளவு, பாகத்தை அளந்து பார்த்து ஒப்புக்கொள்ள ராணுவத்தின் ஆள். அந்தக் கண்டிப்பின் பலன் இன்றைக்கும் இருக்கிறது. 1943-இல் செய்த கார்பைனில், சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்டிராக்டர் உடைந்தால், வேறு கம்பெனி 1944-இல் செய்ததை எடுத்துப் போட்டால் பெரும்பாலும் அப்படியே ஓடும்.

பழையதா புதியதா என்று கேட்கிறவர்கள் எல்லாம் வயதைத்தான் பார்க்கிறார்கள். நான் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவன், நான் பார்ப்பது அது யாருடைய அளவுக்குச் செய்யப்பட்டது, அதை யார் அளந்து பார்த்தார்கள் என்பதைத்தான். நகல் செய்கிறவருக்கு அந்த ராணுவ வரைபடத்தின்படியே செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பார்க்க அதே மாதிரி இருக்க வேண்டும், சுட வேண்டும், விற்க வேண்டும். அதில் நல்லதும் வரும், சுமாரும் வரும். பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். போருக்குப் பிறகு ஃபுளோரிடாவில் யூனிவர்சல் என்றொரு கம்பெனி கார்பைன் நகல் செய்து விற்றது. ஆரம்பத்தில் ராணுவம் கழித்துவிட்ட உபரிப் பாகங்களையே நிறையப் போட்டார்கள், அதனால் பிரச்சினை இல்லை. அந்தப் பாகங்கள் தீர்ந்த பிறகு வடிவமைப்பையே மாற்றி, போல்டைத் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு போட்டு, தங்கள் வசதிப்படி செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கார்பைன்தான், உள்ளே ராணுவப் பாகம் சேராது. இன்றைக்கு ஒருவர் அதை வாங்கி ஒரு பாகம் உடைந்தால் உதிரி தேடி அலைய வேண்டியதுதான். ஆகவே புதிய நகல் வாங்குவதென்றால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் ராணுவ போல்டும், அதை இழுக்கும் ஸ்லைடும், விசைப் பாகங்கள் இருக்கும் டிரிகர் ஹவுசிங்கும் மாற்றிப் போட்டால் சேருமா என்பதுதான்.

இன்னொரு பேச்சு அடிக்கடி வரும்: ராணுவ ரிசீவர் அடித்து உருவாக்கிக் கடைந்த எஃகு, நகலின் ரிசீவர் பெரும்பாலும் வார்ப்பு, வார்ப்பென்றால் மட்டம். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரூகர் கம்பெனி பல பத்தாண்டுகளாக வார்ப்பு ரிசீவர் போட்டுத்தான் வேட்டைத் துப்பாக்கி விற்கிறது, உழைக்கிறது. வார்ப்பா இல்லையா என்பதைவிட, வார்த்த பிறகு சூட்டுப் பதம் சரியாகக் கொடுத்தார்களா, போல்டைப் பூட்டும் லக் என்ற முட்டு உட்காரும் இடத்தைச் சரியாகக் கடைந்தார்களா என்பதுதான் முக்கியம்.

இப்போது பழைய சரக்கின் குறை. இதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் கார்பைன்களைப் பட்டறைக்கு அனுப்பிப் பிரித்துப் பழுதுபார்த்தது. பிரித்த பாகங்களை மறுபடி அதே துப்பாக்கிக்குத்தான் போட வேண்டும் என்று யாரும் மெனக்கெடவில்லை, கைக்கு வந்ததைப் போட்டார்கள். கூடவே முன்பு இல்லாத, பயனெட் என்ற முனைக் கத்தி மாட்டும் வளையம், குறிபார்க்கத் தள்ளி மாற்றும் பின் சைட் எல்லாம் சேர்த்தார்கள். அதனால் ‘1943 ஒரிஜினல், ஒரு பாகம்கூட மாறவில்லை’ என்று சொல்லி, முனையில் பயனெட் வளையத்தோடு ஒருவர் விலை ஏற்றினால், அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். பாகம் கலந்திருப்பது சுடுவதற்குக் குறையே இல்லை, ஆனால் கலப்புக்கு ஒரிஜினல் விலை கொடுக்கக் கூடாது.

பையன் கடையில் நேரில் பார்க்க வேண்டியது என்ன? முதலில் பேரலின் வாய். கார்பைனை வாய்ப் பக்கத்திலிருந்துதான் கம்பி விட்டுத் துடைக்க முடியும், எத்தனையோ சிப்பாய்கள் எத்தனையோ வருடம் கம்பி விட்டு உரசியதில் வாய் தேய்ந்து அகன்றிருக்கும். அதற்கு மசில் கேஜ் என்று ஒன்று இருக்கிறது, நல்ல கடையில் கேட்டால் விட்டுக் காட்டுவார்கள். காட்ட மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். அடுத்தது ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் பூட்டிய நிலையில் தோட்டா உட்கார மிச்சம் இருக்கும் இடைவெளி. அதற்கும் கேஜ் உண்டு. ‘கோ’ கேஜ் போட்டால் போல்ட் பூட்ட வேண்டும், ‘நோ-கோ’ போட்டால் பூட்டக் கூடாது. பூட்டினால் நன்றாகத் தெரிந்த கன்ஸ்மித் பார்த்துச் சொல்லும் வரை சுட வேண்டாம். போல்டின் லக் இரண்டிலும் முடிக்கோடு மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். கார்பைனுக்குள், சுடும்போது வரும் வாயுவின் அழுத்தத்தில் ஸ்லைடைத் தள்ளும் ஒரு குட்டி கேஸ் பிஸ்டன் இருக்கிறது, கொஞ்சதூரம்தான் நகரும், அது சுதந்திரமாக நகர வேண்டும். கடைக்காரரிடம் போல்டையும் ஸ்லைடையும் கழற்றித் தரச் சொல்லி, துப்பாக்கியை மேலும் கீழும் சாய்த்தால் ‘டக், டக்’ என்று அது விழும் சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் கரி பிடித்து ஒட்டியிருக்கிறது. இதெல்லாம் பத்து நிமிட வேலை.

வெளிநாடு போய்த் திரும்பி வந்த கார்பைன்களும் உண்டு. கொரியாவிலிருந்து நிறைய வந்தன, அவற்றில் இறக்குமதி செய்தவரின் பெயர் பேரலில் அடித்திருக்கும். சேகரிப்பவர்களுக்கு அது பிடிக்காது, விலை இறங்கும். சுடுவதற்கு மட்டும் வாங்குகிறவருக்கு அது லாபம்தான், பேரல் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

தோட்டா பற்றி ஒரு வரி. அமெரிக்க ராணுவம் கார்பைனுக்குச் செய்த தோட்டா ஆரம்பத்திலிருந்தே துருப்பிடிக்க வைக்காத பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பாகம், போட்டது, ஏனென்றால் அந்த கேஸ் பிஸ்டனைச் சிப்பாய் கழற்றித் துடைப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டில் செய்த சில பழைய தோட்டாக்கள் அப்படி இல்லை. புதுத் தோட்டா தாராளமாகக் கிடைக்கிறது, அதையே வாங்கட்டும்.

ஆக எம்1 என்றால் என் முடிவு இது. கேஜ் எல்லாம் சரியாக வந்த, பட்டறையில் பழுதுபார்த்த, பாகம் கலந்த ராணுவ கார்பைன் கிடைத்தால் அதையே வாங்கட்டும். உதிரிக்குக் கஷ்டம் இல்லை, விற்கப் போனாலும் விலை நிற்கும். வாராவாரம் ரேஞ்சுக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகச் சுட வேண்டும், மேலே டெலஸ்கோப் மாட்ட ஓட்டை போட வேண்டும் என்கிற ஆளாக இருந்தால் புதிய நகலை வாங்கட்டும். வாரண்டி இருக்கும், கெட்டுப்போனால் திருப்பி அனுப்பலாம். எண்பது வருடச் சரித்திரத்தில் டிரில் போட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது எம்1 கார்பைன் வாங்க நினைக்கிற எல்லோருக்கும். ஆனால் தம்பி, நீங்கள் கூடவே அனுப்பிய தாத்தா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் கையில் இருப்பது எம்1 கார்பைனே இல்லை.

பேரலின் முனையைப் பாருங்கள், புனல் மாதிரி அகன்று இருக்கிறது. அது தீப்பொறியை மறைக்கிற ஃபிளாஷ் ஹைடர். கீழே மெகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி, குட்டையாகச் சரிந்து இருக்கிறது, போல்டின் கைப்பிடி வலது பக்கம் தொங்குகிறது. இது பிரிட்டிஷ்காரர்களின் லீ என்பீல்டு நம்பர் 5, ஜங்கிள் கார்பைன் என்பார்கள். ஒவ்வொரு முறையும் கையால் போல்டை இழுத்துச் சுடுவது, .303 தோட்டா, மெகசினில் 10. 1944 முதல் 1947 வரைதான் செய்தார்கள், மொத்தமே ஏறக்குறைய இரண்டரை லட்சம். 1948 ஜூன் 16-ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டு, அவசரகாலம் அறிவித்து, தோட்டத்துக்குத் தோட்டம் முள்கம்பி போட்டுக் காவல் வைத்தபோது மலாயாவில் புழங்கிய துப்பாக்கிகளில் இதுவும் ஒன்று. எம்1 கார்பைனும் போலீசிடம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தாத்தா பிடித்திருப்பது நம்பர் 5.

இங்கேதான் பையன் ஏமாறக்கூடும், ஏனென்றால் இதில் ராணுவ ஒரிஜினலும் இல்லாத, புதிதாகச் செய்த நகலும் இல்லாத ஒரு சரக்கு உண்டு. போருக்குப் பிறகு அமெரிக்காவில் நீளமான நம்பர் 4 லீ என்பீல்டு மலிவாகக் குவிந்தது. அதை வாங்கி, பேரலை வெட்டி, முனையில் ஒரு புனலை மாட்டி ‘ஜங்கிள் கார்பைன்’ என்று விற்றார்கள். கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் ஆர்ம்ஸ் அப்படிச் செய்தது, பின்னால் கிப்ஸ் என்ற கம்பெனியும் செய்தது. அவர்கள் தங்கள் பெயரில்தான் விற்றார்கள். ஆனால் கை மாறி, கை மாறி வரும்போது பெயர் தேய்ந்துபோய் ‘ஒரிஜினல், பர்மா காட்டில் இருந்தது’ ஆகிவிடுகிறது.

கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. உண்மையான நம்பர் 5-இல் எடை குறைக்க ரிசீவரிலும், பேரல் ரிசீவரோடு சேரும் தடித்த பகுதியிலும் இரும்பைக் குடைந்து எடுத்திருப்பார்கள். நம்பர் 4 நான்கு கிலோவுக்கு மேல், இது மூன்றே கால் கிலோவுக்கும் குறைவு, அந்த வித்தியாசம் சும்மா வரவில்லை. வெட்டி ஒட்டியதில் ரிசீவர் முழுசாக இருக்கும். பேரலின் குடைவு மரத்துக்குள் மறைந்திருக்கும், மரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ரிசீவரின் இடது பக்கத்தில் ‘நம்பர் 5 எம்கே 1’ என்று கீறியிருக்க வேண்டும். போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒன்றாக இருந்தால் நல்லது. ஹெட்ஸ்பேஸ் அதிகமாக இருந்தால்கூட இதில் ஒரு வசதி உண்டு, போல்டின் தலை மட்டும் 0 முதல் 3 வரை எண் போட்டுத் தனியாக வரும், பெரிய எண் போட்டால் சரியாகும்.

நல்லதையே சொல்லிக்கொண்டிருக்கவும் கூடாது. நம்பர் 5 சுடுவதற்குச் சுகமான துப்பாக்கி இல்லை. எடை குறைவு, தோட்டா பெரியது, தோளில் நன்றாக இடிக்கும். பின்னால் உள்ள ரப்பர் இத்தனை வருடத்தில் கல்லாகியிருக்கும். இன்று ஓர் இடத்தில் குறிவைத்துச் சரிசெய்தால் நாளைக்கு வேறு இடத்தில் விழுகிறது என்ற புகார் அந்தக் காலத்திலேயே இருந்தது. பழைய .303 ராணுவத் தோட்டா பெரும்பாலும் துருப்பிடிக்க வைக்கும் ரகம், சுட்ட அன்றே பேரலைச் சுடுநீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போட வேண்டும். தாத்தா நினைவுக்கு என்றால் இது எதுவும் பெரிய விஷயம் இல்லை. அதற்கு நம்பர் 5 ஒரிஜினல் மட்டும்தான், வெட்டி ஒட்டியதும் வேண்டாம், எம்1-உம் வேண்டாம்.

இப்போது ஹாலில் மாட்டுகிற கதை. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கி மட்டும் இல்லை, துப்பாக்கி மாதிரியே இருக்கும் போலியும் வைத்திருக்கக் கூடாது. அதே சட்டத்தில் போலி ஆயுதத்துக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. சுடாது, அலங்காரம்தான் என்று சுங்கத்துறையிடம் சொல்லிப் பயன் இல்லை. உண்மையான துப்பாக்கி என்றால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு: சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பக்கத்துத் தோட்டத்தில் பன்றி விரட்ட ஷாட்கன் லைசன்ஸ் வைத்திருக்கிறாரே என்பீர்கள், அவர் போலீசில் விண்ணப்பித்து, காரணம் காட்டி, அந்த ஒரு துப்பாக்கிக்கு வாங்கியிருக்கிறார். அதை வைத்து ரைபிளுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

பையனிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், மாமாவுக்கு அன்பளிப்பு என்று ஒரு மெகசினோ, போல்டோ, ஒரே ஒரு தோட்டாவோகூடப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். அங்கிருந்து வெளியே அனுப்பவும் சட்டம் இருக்கிறது, இங்கே இறங்கியதும் இன்னொரு சட்டம் காத்திருக்கிறது. துப்பாக்கி டெக்சாசிலேயே இருக்கட்டும், நீங்கள் படத்தை மாட்டுங்கள். அந்தக் காலத்து ஆயுதங்களை நேரில் பார்க்க ஆசை என்றால் கோலாலம்பூர் போலீஸ் அரும்பொருளகமும் போர்ட்டிக்சன் ராணுவ அரும்பொருளகமும் இருக்கின்றன, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

அவன் நம்பர் 5 ஏதாவது பார்த்தால், பணம் கட்டுவதற்கு முன் ரிசீவரின் இடது பக்கத்தையும், மரத்தைக் கழற்றிப் பேரலின் அடியையும் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எனக்குத் தள்ளிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சரி, அடுத்த கேள்வி தைப்பிங்கிலிருந்து, ஸ்டென் கன்னைப் பற்றி.