குடிப்பவரின் வீட்டார்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த வீட்டில், திங்கட்கிழமை காலைகளில் அம்மாவின் முதல் வேலை, அப்பாவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அவருக்குக் காய்ச்சல் என்று சொல்வதாகும். தவறணையிலிருந்து அப்பா வரும் கோலம் அயலவர் கண்ணில் படாதபடி கதவடைப்பது என் பொறுப்பு. பலசரக்குக் கடைக்காரரிடம் கடன் கொப்பிக்குத் தவணை கேட்பது அண்ணாவின் பொறுப்பு. குடிநோய்க்கு மருத்துவம் உண்டென்பதை இன்று பலரும் அறிவர். ஆனால், குடிப்பவரோடு வாழும் மனைவியிடம், "நீங்கள் நித்திரை கொள்கிறீர்களா?" என்று கேட்பவர் இன்றும் அரிது.

செவ்வாய்க்கிழமைகளில் அம்மா கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போவார். அங்கே மெழுகுதிரி ஏற்றவந்த வேறொரு பெண்ணும், கணவர் குடியை விடவேண்டும் என்ற அதே நேர்த்தியோடு வந்தவர் என்று தெரிந்த நாள்முதல், வழிபாடு முடிந்தபின் இருவரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். "நீ ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?" என்று உறவினர் கேட்ட கேள்வியை இருவருமே பல வருடங்களாகச் சுமந்திருந்தார்கள்.

அவ்விருவரும் அறியாமலே செய்ததை, உலகின் பல நாடுகளில் குழுக்களாகச் செய்துவருகிறார்கள். குடியை விட முயல்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் இயக்கம் 1935இல் அமெரிக்காவில் தோன்றியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவர் குடியை விட்ட பின்பும் தமது கோபம் தணியவில்லை என்பதை, ஒருநாள் அவர்மீது காலணியை வீசியபோதே உணர்ந்தார். 1951இல் அவரும் ஒரு தோழியும் சேர்ந்து, குடிநோயாளரின் குடும்பத்தினருக்காகவும் நண்பர்களுக்காகவும் அல்-அனான் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். கட்டணம் இல்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குடியை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அதைக் கட்டுப்படுத்தவும் குணப்படுத்தவும் இயலாது என்பதே அங்கு முதலில் கற்பது. இவற்றுள் முதலாவதை மட்டும் அம்மாவுக்கு யாராவது சொல்லியிருந்தால் எத்தனை இரவுகள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பராமரிப்பது வேறு, மறைப்பது வேறு. சோறு கொடுப்பதும் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் பராமரிப்பு. அவருக்காகப் பொய் சொல்வதும், நகையை அடகு வைத்து அவரது கடனை அடைப்பதும், குடியின் விளைவு அவரைத் தொடாமல் நாமே தடுப்பதாகும். எனினும், நாளாந்தம் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம்; அது உயிராபத்து, ஆகவே வைத்தியரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அடி உதை இருக்கும் வீட்டில் பொறுமை காக்குமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்: இலங்கையில் பெண்களுக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கமும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் உங்களுக்காக உள்ளன. கொழும்பில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம், குடிப்பவர்களுக்கு மட்டுமன்றி அவர்களது குடும்பத்தினருக்கும் இலவசமாக, இரகசியம் காத்து உதவுகிறது. மனம் தாங்காத வேளையில் மனநல உதவிக்கான 1926 என்ற இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேச்சுகள் தொடங்கிச் சில மாதங்களின் பின், ஒரு திங்கட்கிழமை, அம்மா அலுவலக இலக்கத்தைச் சுழற்றித் தொலைபேசியை அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அன்று குடியை விடவில்லை. ஆனால் அம்மா குசினிக்குள் வந்து, பாண் வெட்டி வைத்து, நெடுநாட்களுக்குப் பிறகு எங்களோடு இருந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டார்.

நன்றி, வணக்கம்.