பத்மினி செத்துப்போச்சா? பதிலை ஏற்காட்டில் நின்று சொல்கிறேன்!

வணக்கம் மக்களே. காற்று இரைச்சல் கேட்கும், மைக்குக்குப் பஞ்சு மாட்ட மறந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒண்டிக்கடை தாண்டி ஓரமாக நிற்கிறேன். பின்னால் நிற்பது நம் பத்மினிதான், "எஞ்சின் போச்சு" என்று மெக்கானிக் கைவிட்ட பழைய பிரீமியர் பத்மினி கார். யாரும் கட்டி இழுத்து வரவில்லை. அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் தானே ஏறி வந்தது. இருங்கள், எஞ்சின் சூட்டைக் காட்டுகிற மீட்டரைக் காட்டுகிறேன். வெயில் படுகிறது, தெரிகிறதா? 85 டிகிரி. ஏறி முடித்த பிறகும் 85!

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வண்டி பதினேழாவது வளைவில் ஆவி விட்டுக்கொண்டு நின்றதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை, முன்னால் பஸ், இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே ஏறினேன். பதினான்காவது வளைவிலேயே முள் சிவப்பைத் தொட்டது. ஓரம்கட்ட இடமில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். இடம் இருந்தது. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற திமிர்தான். அப்புறம் வெள்ளைப் புகை, கீழே இருந்து டக் டக் என்று ஒரு தட்டல், கடைசியில் யாரோ பிடித்து நிறுத்தியது போல ஒரே நிறுத்து. இறக்கிக் கொண்டுவர 3,500 ரூபாய். அதைப் பற்றி ஏற்கெனவே அரை மணி நேரம் புலம்பிவிட்டேன், விடுங்கள்.

முதலில் பார்த்த மெக்கானிக் என்ன செய்தார் தெரியுமா? பானெட்டைத் திறந்தார், ஆயில் குச்சியை உருவினார், துடைத்தார். "எஞ்சின் போச்சு தம்பி. 22,000 தர்றேன், விட்டுட்டுப் போ." அவ்வளவுதான். ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றவில்லை! நாடி பிடிக்காமல் சாவு ஓலை எழுதுகிற ஆளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. 1986 மாடல், அப்பா வாங்கிய வண்டி. அப்பா பக்கத்தில் நின்று வாயே திறக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆயில் குச்சியில் இருந்தது பால் கலந்த காபி நிறம். அப்படியென்றால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் கீழ்ப் பாகமான பிளாக்குக்கும் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் அடைத்துப் பிடிக்கிற தகடு போயிருக்கும். இல்லையென்றால் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல். எது என்று கண்டுபிடிக்கத்தான் வேலை. எஞ்சின் கையால் சுற்றவே இல்லை, சீஸ், அதாவது உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது. டீசலோடு பவர் ஸ்டியரிங் ஆயிலைக் கலந்து நான்கு சிலிண்டரிலும் ஊற்றி மூன்று நாள் விட்டேன். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்கின் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் ஒரு நூல், ஒரு நூல் என்று ஆட்டினேன். நான்காவது நாள் காலையில் "கிர்க்" என்று அசைந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். சீஸ் ஆன எஞ்சினில் நான்கு பிளக்கையும் கழற்றி வைக்காமல் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் நின்றால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நான் கழற்றிவிட்டுத்தான் அடித்தேன். இரண்டாவது, மூன்றாவது ஓட்டையில் இருந்து தண்ணீர் பீய்ச்சியது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா பையன் சட்டை முழுக்கக் கறுப்பு. அது புதுச் சட்டையாம், இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்த்தோம். முதல் சிலிண்டரும் நான்காவதும் 120 psi-க்குப் பக்கம். நடுவில் இருக்கிற இரண்டும் 40-ஐத் தாண்டவில்லை. அந்த இரண்டிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அளவு ஏறியிருக்கும், ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒன்றாக விழுந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் அப்படியே, விரல் அகலத்துக்குக் கருகிப் போயிருந்தது.

ஆனால் ஹெட்டைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு போல்ட். இந்தப் போல்ட்டைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. தண்ணீர் வெளியே வருகிற எல்போ குழாயைப் பிடித்திருக்கிற சின்னப் போல்ட். அலுமினியத்துக்குள் இரும்பு, 38 வருஷத் துரு. ஸ்பேனரைப் போட்டதும் தலை மட்டும் கையோடு வந்தது. துரு ஆயில் அடித்தேன், சூடு காட்டினேன், டிரில் போட்டேன். டிரில் பிட் இரும்பை விட்டுவிட்டு மெத்தென்று இருக்கிற அலுமினியத்துப் பக்கம் நழுவப் பார்த்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு! கடைசியில் எங்கள் தெருவில் கிரில் கேட் செய்கிற வெல்டிங் அண்ணன்தான் காப்பாற்றினார். முறிந்த போல்ட் மேல் ஒரு நட்டை வைத்தார், நட்டுக்குள்ளேயே வெல்டிங் குச்சியைக் காட்டினார். இரும்பும் இரும்பும் ஒட்டும், அலுமினியத்தில் அந்த வெல்டிங் பிடிக்காது. சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியைத் தொட்டார், உருகிய மெழுகு மரைக்குள் இறங்கியது. ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். வெண்ணெய் மாதிரி வந்தது மக்களே, வெண்ணெய்! எவ்வளவு என்றேன். "ஒரு டீ சொல்லுங்க"ன்னார். அந்தப் போல்ட்டை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அம்மா இரண்டு முறை தூக்கி வெளியே போட்டுவிட்டார்.

ஹெட் நேராக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நடுவில் 0.25 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு உள்ளே போனது. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரியும், கீழே பிளாக் இழுத்துப் பிடித்தால் மேலே வளையத்தான் செய்யும். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் சமமாகச் சீவி வாங்கினேன். பிளாக்கில் விரிசல் பார்க்க மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினோம். விரிசல் இருந்தால் ஈரக் கோடு தெரியும். தெரியவில்லை. வண்டி பிழைத்தது என்று எனக்கு உறுதியானது அங்கேதான்.

மூன்றாவது பிஸ்டன் மட்டும் மோசம், ஓரமெல்லாம் உரசல், சிலிண்டரில் நெடுகக் கீறல். ஒன்றைக் கடைந்தால் மற்றதையும் கடையத்தான் வேண்டும். நான்கும் ரீபோர், அதாவது சற்று அகலமாகக் கடைந்து, அடுத்த அளவு பிஸ்டன். கோயம்புத்தூரில் இருந்து பஸ் பார்சலில் வந்தது. மலையில் கேட்ட அந்த டக் டக் தட்டல், கிராங்க்கின் பேரிங். தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆன ஆயிலில் வழுக்கல் எங்கே இருக்கும்? ஷெல் எல்லாம் தேய்ந்து உள்ளே செம்பு நிறம் தெரிந்தது. கிராங்க்கைக் கால் மில்லிமீட்டர் கிரைண்டிங் போட்டு அதற்கேற்ற பேரிங் மாட்டினோம். எல்லாம் சேர்த்து 41,000. வண்டியை இறக்கிவந்த டோ காசு தனி.

இப்போது நான் பேச விரும்பாத பகுதி. இவ்வளவுக்கும் காரணம் என்ன? இதோ, என் கையில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடி. ரப்பர் வெடித்திருக்கிறது, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. புதுசு 180 ரூபாய். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடித்தால்தான் அந்தக் கொதிநிலை நூறைத் தாண்டும். என் மூடி சும்மா தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது.

மூடி மட்டும் இல்லை. எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவம்தான் கூலன்ட். "கூலன்ட் என்பது கலர் தண்ணீர், ஏமாறாதீர்கள்" என்று போன வருஷம் ஒரு வீடியோ போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, கீழே தினமும் எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீரில் பக்கெட் ஆறு மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். ரேடியேட்டரைப் பிரித்தால் பாதிக் குழாய் அடைப்பு, கரண்டியால் சுரண்டுகிற அளவுக்கு வெள்ளைப் படிவம். அந்த வீடியோவை அழிக்க மாட்டேன். தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன். இப்போது உள்ளே இருப்பது பச்சைக் கூலன்ட், பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரோடு சரிபாதி.

முதல் 1,000 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஆயில் மாற்றி, அதற்கப்புறம்தான் இன்றைக்கு மலை ஏறினேன். அப்பாவும் கூட வந்திருக்கிறார், கேமராவுக்கு வர மாட்டாராம். பதினேழாவது வளைவு வந்ததும் ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டு எஞ்சினைக் கேட்டார். பதினெட்டில் திரும்பச் சத்தம் வைத்துக்கொண்டார்.

சரி, பசிக்கிறது. இருட்டுவதற்குள் சேலம் இறங்கினால் தட்டுவடை செட் சாப்பிடலாம். இறங்கும்போதும் இரண்டாவது கியர்தான். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.