ஒயில் வரிசையைப் படமெடுக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் வகுப்பைப் படமெடுத்து, நம் கடலோர ஊர் ஒன்றில் கண்காட்சி வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

இந்த வகுப்புக்கு ஒயிலாட்டம் தோதான ஆட்டம். வரிசையில் நிற்க வேண்டும், ஒரே அடவு திரும்பத் திரும்ப வரும், அடுத்தது என்ன என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். கையைத் தொட்டால் கூசும் பிள்ளையிடம், ஆட்டத்தில் வீசும் துணியின் ஒரு முனையைக் கொடுத்து, மறுமுனையைப் பக்கத்துப் பிள்ளை பிடிக்கலாம். சிக்கல் தவிலில்தான். திடீரென்று முழங்கினால் சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள். அதனால் முதலில் கைத்தாளம், பிறகு மெதுவாகத் தவில்.

படமெடுப்பவர் முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கட்டும். மறுநாள் தரையில் டேப் ஒட்டி, அந்த இடத்தைவிட்டு நகராமல் எடுக்கட்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஷட்டர் சத்தத்தையும் அணைத்துவிட வேண்டும். குதிப்பும் துணி வீச்சும் கலங்காமல் விழ ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையக் கூடாது. கூடம் இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200 வரை ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் குடி முழுகாது. "இங்கே பாரு கண்ணு, சிரி" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். கண்ணுக்குக் கண் பார்ப்பதே பல பிள்ளைகளுக்குப் பாரம்.

சட்டகத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் அது அனுதாபப் படம். துணியின் இரண்டு முனையும், பிடித்திருக்கும் இரண்டு பேரும் தெரிந்தால்தான் சேர்ந்து ஆடுகிற வகுப்பு தெரியும். ஒருவர் அடி பிந்தும்போது மற்றவர் நின்று காத்திருப்பாரே, அதை எடுங்கள்.

பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கும்போது கண்காட்சிக்குத் தனி, பத்திரிகைக்குத் தனி, வாட்ஸ்அப், ஃபேஸ்புக்குக்குத் தனி என்று கையெழுத்து வாங்குங்கள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால், பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அன்றைக்குப் படம் இல்லை.

இனி உப்புக்காற்று. ஏசி காரிலிருந்து பாம்பன் காற்றில் கேமராவை எடுத்தவுடன் லென்சில் ஆவி படரும். இருபது நிமிடம் பையிலேயே கிடக்கட்டும். பிரிண்ட் 12க்கு 18 அங்குலம், பளபளப்பில்லாத மேட் தாளில் போதும். கண்ணாடி போட்டால் வாசல் வெளிச்சம்தான் தெரியும். இருபக்க டேப்பை நம்பினால் ஈரத்தில் இரவோடு இரவாகப் படம் தரையில் கிடக்கும். இரண்டு ஆணி அடித்துக் கம்பியில் மாட்டி, சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி விடுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 120 சென்டிமீட்டரில் இருந்தால் சிறுபிள்ளைக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும்.

புயல் பாதுகாப்பு மையம், கல்யாண மண்டபம் போன்ற கான்கிரீட் கூடங்களில் சத்தம் எதிரொலிக்கும். பனையோலைப் பாய்களைத் தரையில் விரித்து, சுவரிலும் தொங்கவிட்டால் ஓரளவு அடங்கும். ஒரு மூலையில் விளக்கைக் குறைத்து, ஓய்வெடுக்க இடம் ஒதுக்குங்கள். திறப்பு விழாவுக்கு மைக் செட், சரவெடி இரண்டும் வேண்டாம்.

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். 2008 முதல் அனுசரிக்கப்படுகிறது. அன்றே திறக்க ஆசை இருக்கும். ஆனால் அது முழுப் பரீட்சை நெருக்கம், ஆடிய பிள்ளைகளே வர முடியாமல் போகலாம். பரீட்சை முடிந்து, வெயில் தாழ்ந்த மாலை ஐந்து மணிக்குத் திறங்கள். முதல் ஒரு மணி நேரம் ஆடிய பிள்ளைகளும் வீட்டாரும் மட்டும் பார்க்கட்டும். ஊர்ப் பெரியவர்களுக்கு அழைப்பிதழில் ஆறு மணி என்று போடுங்கள்.