இவன் காரியம் என்ன?

அன்பான நேயர்களே, வணக்கம்.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் உங்களில் பலருக்கு நன்றாகத் தெரிந்ததுதான். திபேரியாக் கடற்கரை, விடியற்காலம், கரிநெருப்பின்மேல் மீன். சாப்பிட்டு முடிந்ததும் இயேசு பேதுருவிடம் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்டு, தம்முடைய ஆடுகளை ஒப்படைக்கிறார். அதோடு விடவில்லை. முதிர்வயதில் வேறொருவன் உன் அரையைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்று அவர் சாகப்போகிற விதத்தையும் சொல்லிவிட்டு, "என்னைப் பின்பற்றி வா" என்கிறார்.

அந்த நேரம் பார்த்துப் பேதுரு திரும்புகிறார். பின்னால் யோவான் வந்துகொண்டிருக்கிறார். "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?"

இந்தக் கேள்விக்காக நான் பேதுருவைக் குறை சொல்ல மாட்டேன். தன் சாவைப் பற்றி இப்போதுதான் காதில் வாங்கிய மனுஷர் அவர். எனக்கு இப்படி என்றால் அவனுக்கு எப்படி என்று கேட்கத்தான் தோன்றும். இரண்டு பேரும் ஒரே கடலில் மீன் பிடித்தவர்கள். உயிர்த்தெழுந்த நாளில் கல்லறைக்கு ஓடினபோது யோவான்தான் முந்திப் போய்ச் சேர்ந்தார் என்று அதற்கு முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. கூடவே ஓடுகிறவர்களைப் பார்த்துத்தான் நம் மனசும் கணக்குப் போடும். எங்கோ தூரத்தில் இருக்கிற ஒருவருடைய உயர்வு நம்மைத் தொந்தரவு செய்யாது. இறையியல் கல்லூரியில் பக்கத்து அறையில் இருந்தவருக்குப் பெரிய சபை கிடைத்தால் உறுத்தும்.

இயேசு சொன்ன பதில் இது: "நான் வருமளவும் இவனிருக்க எனக்குச் சித்தமானால் உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா."

"உன் ஊழியமும் அவன் ஊழியத்தைப்போலப் பெரியதுதான்" என்று அவர் சமாதானம் சொல்லவில்லை. நாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சோர்ந்துபோன ஒரு உபதேசியாரைப் பார்த்தால், "கவலைப்படாதீங்க, ஆண்டவர் பார்வையில உங்க சின்ன ஊழியமும் பெரிசுதான்" என்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனாலும் சின்னது, பெரியது என்கிற அளவுகோல் அந்த ஆறுதலுக்குள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது. இயேசு அந்த அளவுகோலைக் கையில் எடுக்கவே இல்லை. யோவானின் காரியம் அவருக்கும் யோவானுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1706 ஜூலை 9-ஆம் தேதி அங்கே வந்து இறங்கிய மிஷனெரிகள் இரண்டு பேர். இருவரும் ஜெர்மானியர்கள், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பியவர்கள், ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒருவர் சீகன்பால்க். மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகியது, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-க்குள் அச்சிட்டு முடித்தது என்று அவரைப் பற்றி ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். இன்னொருவர் ஹென்ரிக் புளுட்சோ. வயதில் இவர்தான் மூத்தவர். இவர் பெயரைச் சொன்னால் பெரியவர்களே யோசிக்கிறார்கள்.

இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சீகன்பால்க் தமிழைப் பார்த்துக்கொண்டார். போர்த்துகீசிய மொழி ஊழியம் புளுட்சோவுக்கு. அந்தக் கரையோரத்தில் அப்போது ஐரோப்பியருக்கும் அவர்கள் வீட்டில் வேலை செய்தவர்களுக்கும் பொதுவாக இருந்த பேச்சு போர்த்துகீசியம்தான். 1707-ல் அந்த மிஷனில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனியர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். 1711-ல் புளுட்சோ ஊர் திரும்பினார். பிற்பாடு வட ஜெர்மனியில் ஒரு சபைக்குப் போதகராக இருந்தார். சீகன்பால்க் இங்கேயே 1719-ல், 36 வயதில் இறந்தார். அவருடைய கல்லறை புதிய எருசலேம் ஆலயத்துக்குள் இருக்கிறது.

புளுட்சோவுக்கு நியாயம் செய்ய நினைக்கிறவர்கள், "அவர் துணை இல்லாவிட்டால் சீகன்பால்க் இவ்வளவு செய்திருக்க முடியுமா" என்று கேட்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிச் சொல்லும்போதும் அவரைச் சீகன்பால்கை வைத்துத்தானே அளக்கிறோம்? எசமான் வீட்டு அடுப்படியில் நின்ற ஒரு அடிமைக்கு, புரிகிற பேச்சில் வேதத்தைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார். அந்த அடிமையைப் பொறுத்தவரை அது யாருடைய வேலைக்கும் துணைவேலை அல்ல.

இன்றைக்கு ஆயர்கள் நாலு பேர் கூடி டீ குடிக்கும்போது என்ன பேசுகிறோம்? "ஐயா, உங்க சேகரத்துல (உங்க பொறுப்பில இருக்கிற சபைகள்ல) எத்தனை குடும்பம்?" அடுத்தது, அறுப்பின் பண்டிகையில் காணிக்கை எவ்வளவு. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: யூடியூபில் எத்தனை பேர் பார்க்கிறார்கள். எண்ணிக்கை நிர்வாகத்துக்கு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி, பிரசங்கம் பாதி எழுதினபடி இருக்க, கை தானாக ஃபோனுக்குப் போகிறது. எங்கோ ஒரு கன்வென்ஷன் நேரலையில் ஓடுகிறது. கடல்போல ஜனம், நல்ல இசைக்குழு, தடுமாற்றமே இல்லாத பேச்சு. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு நோட்டுக்குத் திரும்பினால், அதற்குமேல் எழுதுகிற வரிகள் அந்தக் கூட்டத்துக்கான வரிகளாக மாறிவிடுகின்றன. மறுநாள் முன் வரிசையில் உட்காரப்போவது பீடி சுற்றிச் சுற்றி விரல் காய்த்துப்போன அக்காமார்கள். இரண்டாவது பெஞ்சில் காது சரியாகக் கேட்காத தாத்தா. பிளஸ் டூவில் தோற்றுப்போய் ஒரு மாதமாக யாரிடமும் முகம் கொடுக்காத ஒரு பையன். ஒப்பிடுவதால் வருகிற நஷ்டம் நம்மோடு நிற்பதில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஆடுகள்தான் அன்றைக்குப் பசியோடு வீட்டுக்குப் போகின்றன.

ஆயர்களுக்கு மட்டும் இந்தப் பேச்சு என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கிற நர்ஸும், படுக்கையில் இருக்கிற மாமியாரைப் பார்த்துக்கொள்வதால் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு வர முடியாத அம்மாவும் இதே பாரத்தைச் சுமக்கிறார்கள். "அவங்க எவ்வளவு ஊழியம் செய்றாங்க, நான் என்ன செய்றேன்" என்று அவர்கள் அழுவதை நான் கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் நம்மை நாமே சோதித்துப் பார்க்கவே வேண்டாமா? வேண்டும். கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் பவுல், அவனவன் தன்தன் சுயகிரியையைச் சோதித்துப் பார்க்கக்கடவன் என்கிறார். மற்றவனைப் பார்க்காதே என்பது சோம்பலுக்குக் கொடுத்த அனுமதி அல்ல. பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்யாமல் போய் நின்றுவிட்டு, "எனக்குக் கிடைத்த வரம் இவ்வளவுதான்" என்றால் அது தப்பு. என் கிரியை என்றால் எனக்குக் கொடுக்கப்பட்ட ஜனம். ஒப்பீடு மனசை அரிக்கிற நாளில் நான் பைக்கை எடுத்துக்கொண்டு, போய் ரொம்ப நாளான ஒரு வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே குடும்பக் கணக்கு யாரும் கேட்பதில்லை. "ஐயா, மகனுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்கு வருது, ஜெபம் பண்ணுங்க" என்பார்கள்.

சபை மக்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆயர்களுக்கு மாறுதல் வரும் காலத்தில், புது ஆயர் லாரியிலிருந்து சாமான் இறக்கும்போதே, "போன ஐயாவுக்கு என்ன குரல் தெரியுமா" என்று அவர் மனைவியின் காதுபடச் சொல்லுகிறோம். போன ஐயாவை நேசியுங்கள், ஃபோன் போட்டு நலம் விசாரியுங்கள். வந்திருக்கிறவரிடம் வேறொன்று சொல்லுங்கள். எந்தத் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், எந்த வீட்டில் சாவு விழுந்து இன்னும் துக்கம் ஆறவில்லை என்று சொல்லுங்கள். முதல் தடவை அவர் அந்த வீடுகளுக்குப் போகும்போது, வழி காட்ட யாராவது ஒருவர் கூடவே போங்கள்.

நன்றி, வணக்கம்.