வெயில் ஏற ஏற அறும் கம்பி இணைப்பு: விசுவமடு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைய சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை இதே தொல்லையைப் பல வீடுகளில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். விசுவமடுவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்.

"முன்வீட்டில் ரவுட்டர் இருக்கிறது. வளவுக்குள்ளால் ஏறக்குறைய 40 மீற்றர் வயர் இழுத்து, பின்னால் இருக்கும் தகரக் கூரை அறையில் கணினியை இணைத்திருக்கிறோம். அங்கிருந்துதான் உயர்தர மாணவர்களுக்கு இணையவழியில் கற்பிக்கிறேன். காலையில் ஒரு தொல்லையும் இல்லை. பத்து மணிக்குப் பிறகு இணைப்பு அறுகிறது, ஐந்தாறு வினாடிகளில் தானாகவே வருகிறது, வெயில் தாழ்ந்ததும் குறைந்துவிடுகிறது. அந்த நேரத்திலும் முன்வீட்டில் கைத்தொலைபேசிக்கு வைஃபை ஒழுங்காக வருகிறது. ரவுட்டரை மாற்றியும் பயனில்லை. போன வருடம் அணில் கடித்த இடத்தில் வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறோம். இனி எதை மாற்றுவது?"

சகோதரி, இனி எதையும் மாற்றாதீர்கள். முதலில் பார்ப்போம். நீங்கள் எழுதிய கேள்விக்குள்ளேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. ரவுட்டர் வாங்கிய பணத்தை மிச்சப்படுத்தியிருக்கலாமே என்பதுதான் எனக்கு மனவருத்தம்.

அறுந்த இணைப்பு எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது என்பதை எப்போதும் கவனியுங்கள். ரவுட்டர் தானாக நின்று மறுபடி தொடங்கினால், இணையம் திரும்பி வர ஒரு நிமிடமாவது, சில வேளைகளில் இரண்டு மூன்று நிமிடங்களாவது எடுக்கும். அந்நேரம் வைஃபையும் சேர்ந்தே போய்விடும். உங்கள் வீட்டில் வைஃபை போகவில்லை, கணினிக்கு ஐந்தாறு வினாடிகளில் இணைப்பு திரும்பிவிடுகிறது. கம்பியின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் ஒன்றையொன்று ஒரு கணம் இழந்து, எந்த வேகத்தில் பேசுவது என்று மறுபடி உடன்பட்டுக்கொள்வதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே ரவுட்டரும் வெளியிலிருந்து வரும் இணையமும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுபடுகின்றன. எஞ்சியிருப்பவை ரவுட்டரின் அந்த ஒரு போர்ட் (வயர் செருகும் துளை), 40 மீற்றர் வயர், அதன் இரு முனைகளிலும் பொருத்திய தலைகள், கணினிக்குள் அந்த வயரை ஏற்கும் வலையமைப்பு அட்டை, இடையில் சுவிட்ச் (ஒரு லான் வயரைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஏதும் இருந்தால் அது ஆகியவை மட்டுமே.

இதை ஊகமாக விட்டுவிடாமல் உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் என்ற கட்டளையை ரவுட்டரின் முகவரிக்கு நிறுத்தாமல் ஓடவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த முகவரி 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். முகவரிக்குப் பின்னால் ஓர் இடைவெளியும் சிறு கோடும் டீ என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால், நீங்கள் நிறுத்தும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு சாளரத்தில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் அப்படியே ஓடவிடுங்கள். வெளி முகவரி மட்டும் பதில் தராமல் போனால் குறை உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இரண்டும் ஒன்றாக நின்றால் குறை உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. இணைப்பு அறும் வேளையில் ரவுட்டரின் பின்புறத்தில் வயர் செருகிய இடத்துச் சிறு விளக்கு அணைகிறதா என்பதை வீட்டிலுள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு அணைந்தால் அது மின் தொடர்பு சார்ந்த குறை. விளக்கு அணையாமல் இணைப்பு மட்டும் போனால், ஒரே முகவரியை இரண்டு கருவிகள் பிடித்துக்கொள்வது போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும். உங்கள் விடயத்தில் விளக்கு அணையும் என்றே நான் எதிர்பார்க்கிறேன்.

அடுத்ததாக, கணினியைப் பின் அறையிலிருந்து முன்வீட்டுக்குக் கொண்டுபோய், ஒன்று அல்லது இரண்டு மீற்றர் நீளமான நல்ல வயரால் ரவுட்டரின் அதே போர்ட்டில் இணைத்து, காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை வேலை செய்யுங்கள். நேரத்தை மாற்றாதீர்கள், ஏனென்றால் உங்கள் குறை வெயிலோடு வருகிறது. அந்த ஐந்து மணித்தியாலமும் ஒரு முறைகூட அறாவிட்டால் போர்ட்டும் வலையமைப்பு அட்டையும் நல்லவை, குற்றம் நீளமான வயரில்தான் என்று பெரும்பாலும் சொல்லலாம். அங்கேயும் அறுந்தால் ரவுட்டரின் வேறொரு போர்ட்டில் செருகிப் பாருங்கள், அதன் பிறகு அட்டையைப் பாருங்கள். ஒரு தடவையில் ஒரு பொருளை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாமலே போய்விடும், அடுத்த மாரியில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

இப்போது அந்த அணில் கடித்த இடத்துக்கு வருகிறேன். கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் இந்த லான் வயருக்குள் எட்டு இழைகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த முறுக்கு இழைகளைச் சேர்த்து வைப்பதற்காக மட்டும் இடப்பட்டதன்று. ஒரு சோடியின் இரு இழைகளிலும் ஒரே சமிக்ஞை, ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் (ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும்) பயணிக்கிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல், அவை நெருக்கமாக முறுக்கப்பட்டிருப்பதால், இரண்டிலும் ஏறக்குறைய சமமாகவே படுகிறது. மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுக்கும்போது அந்த இரைச்சல் கழிந்துவிடுகிறது. தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 இல் காப்புரிமை பெற்ற எண்ணம் இது, இன்றும் நம் வீட்டு வயருக்குள் அதே வேலையைச் செய்கிறது. தலை பொருத்தும் இடத்தில்கூட 13 மில்லிமீற்றருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது என்பதே கேட் 5ஈ என்ற வகை லான் வயருக்குரிய விதி. மின்விளக்குக்கு வயர் தொடுப்பது போல எட்டு இழைகளையும் உரித்து, கையால் முறுக்கி, டேப் சுற்றினால் குறைந்தது நான்கைந்து சென்ரிமீற்றருக்கு அந்த ஒழுங்கு குலைந்துவிடும். அதோடு ஈரம் உள்ளே போகும், செம்பின் மேல் பச்சை படியும், தொடுகை தளரும்.

அப்படியானால் காலையில் ஏன் ஒழுங்காக இருக்கிறது? வெயிலில் உலோகம் விரிகிறது, மேலுறையும் டேப்பின் பசையும் இளகுகின்றன, முறுக்கிய இழைகள் ஒரு மயிரளவு அசைகின்றன. தளர்ந்த தொடுகைக்கு அந்த மயிரளவே போதும். வெப்பம் ஏற ஏறச் செம்பின் மின்தடையும் பாகை ஒன்றுக்கு ஏறக்குறைய 0.4 வீதம் கூடும். ஆனால் 100 மீற்றர் வரை தாங்கக்கூடிய வயரில் வெறும் 40 மீற்றருக்கு இந்தக் கூடுதல் ஒரு பொருட்டாகாது. ஆகவே நீளத்தையோ பொதுவான வெப்பத்தையோ நான் குறை சொல்லவில்லை, அந்த ஒட்டையே சொல்கிறேன். சோளகம் வீசும் மாதங்களில் மரக்கிளையில் கட்டிய வயர் ஆடும்போதும் இதே போல அறுந்திருந்தால் என் எண்ணம் இன்னும் உறுதியாகும்.

இதைச் செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. வலையமைப்பு அட்டையின் அமைப்புகளில், வேகம் தானாகத் தெரிவாகும்படி இருப்பதைத் தற்காலிகமாக 100 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 100 மெகாபிட்) என்று மாற்றுங்கள். அதைவிடப் பத்து மடங்கான ஒரு கிகாபிட் வேகத்துக்கு நான்கு சோடிகளும் வேண்டும். 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்குச் செம்மஞ்சள், பச்சை ஆகிய இரண்டு சோடிகளே போதும். வேகத்தைக் குறைத்ததும் இணைப்பு அறுவது நின்றுவிட்டால், நீலச் சோடியிலோ மண்ணிறச் சோடியிலோ தொடுகை சரியில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இணையவழி வகுப்பு நடத்துவதற்கு 100 எம்.பி.பி.எஸ். தாராளமாகப் போதும், ஆகவே புதிய வயர் போடும் வரை பிள்ளைகளின் படிப்புத் தடைப்படாமல் இப்படியே ஓட்டலாம். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு சோடி கெட்ட ஒட்டில் மற்றச் சோடிகளும் ஒரு மாரிக்கு மேல் தாங்காது.

தலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஏமாந்த இடம் அது. சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சியில் என் வீட்டில் இப்படித்தான் இணைப்பு விட்டு விட்டு அறுந்தது. எட்டு விளக்குகள் வரிசையாக எரியும் சிறிய சோதனைக் கருவியால் பார்த்தேன், எட்டும் ஒழுங்காக எரிந்தன. வயர் நல்லது என்று முடிவு கட்டி, இரண்டு வாரங்கள் வேறெங்கெல்லாமோ தேடினேன். தலை பொருத்தியவர் நிறங்களைச் சோடி சோடியாக அடுக்கியிருந்தார்: செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, மண்ணிறச் சோடி என்று. இரு முனையிலும் ஒரே வரிசை என்பதால் சோதனைக் கருவி குறை காணவில்லை. ஆனால் தலையிலுள்ள எட்டு ஊசிகளில் மூன்றாவது, ஆறாவது ஊசிகள் ஒரே சோடியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அவை இரு வேறு சோடிகளில் போய்விட்டால் முறுக்கினால் வரும் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். சரியான வரிசை இதுதான்: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். ஒளிபுகும் தலையின் மேற்பக்கமாகப் பார்த்தாலே நிறங்கள் தெரியும், கருவியே வேண்டாம். உங்கள் வயரின் இரு தலைகளையும் இன்றைக்கே அப்படிப் பாருங்கள். பூட்டுக் கொளுவி உடைந்து தலை துளையில் ஆடினால், அதையும் மாற்றியே ஆக வேண்டும்.

மின்சிக்கன அமைப்புகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். டிவைஸ் மேனேஜரில் வலையமைப்பு அட்டையின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், சக்தியை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும், அதை நீக்கிவிடுங்கள். அதனால் கெடுதல் ஒன்றும் வராது. ஆனால் அந்தக் குறை வெயில் பார்த்து வராது, ஆகவே உங்கள் வீட்டில் இது காரணமென்று நான் நினைக்கவில்லை.

கிணற்று மோட்டாரையும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சற்று விழும், பழைய அடப்டர்கள் அதைத் தாங்காமல் ரவுட்டரையோ இடையிலுள்ள சிறிய சுவிட்சையோ நிறுத்தித் தொடங்க வைத்துவிடும். பின் அறையில் சுவிட்ச் ஏதாவது வைத்திருந்தால், வைஃபை போகாமல் கணினி மட்டும் அறுவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். மோட்டார் போடும் நேரத்தையும் இணைப்பு அறும் நேரத்தையும் ஒரு கொப்பியில் இரண்டு நாள் எழுதி வைத்தால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

சோதனைகள் வயரைத்தான் காட்டினால், ஒட்டை மறுபடி ஒட்டாமல் முழு வயரையும் ஒரே நீளமாகப் புதிதாக இழுத்துவிடுங்கள். கடையில் கேட்கும்போது முழுச் செம்பு வயர் என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் மலிவாகக் கிடைக்கிறது, வெளியே பார்க்கச் செம்பு நிறமாகவே தெரியும். ஓர் இழையைக் கத்தியால் மெதுவாகச் சுரண்டி, உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வாங்காதீர்கள். அது வளைக்கும்போது எளிதில் முறியும், மின்தடையும் கூட. வெளியில் போடுவதற்கென்று கறுப்பு உறையோடு வரும் வயர் வெயிலைத் தாங்கும். சாதாரண சாம்பல் நிற வயர் வெயிலில் வெடித்துவிடும். மரத்தில் கட்டாமல் பிவிசி குழாய்க்குள் விட்டு, மதிலோரமாகக் கொண்டுபோனால் அணிலுக்கும் எலிக்கும் எட்டாது. நிலத்துக்குள் புதைத்தால் குழாயின் இரு வாய்களையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பும் கறையானும் குடியேறும். மின்சார வயர் போகும் குழாய்க்குள் இதைச் சேர்த்து விடாதீர்கள், அது பாதுகாப்புக்கே ஆபத்து.

இரண்டு கட்டடங்களுக்கிடையே செம்பு வயர் போகும் வீட்டார் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இங்கே இடி மின்னல் கடுமையாக இருக்கும். மின்னல் மரத்திலோ நிலத்திலோ அருகில் விழுந்தாலே அந்த வயரில் பெரும் மின்னழுத்தம் எழும். மழை இருட்டும்போதே, அடப்டரை மட்டுமன்றி லான் வயரையும் இரு முனையிலும் கழற்றி வையுங்கள், மின்னல் தொடங்கிய பிறகு அதைத் தொடாதீர்கள். வசதி இருந்தால் கட்டடங்களுக்கிடையே உலோகமில்லாத, ஒளியால் தகவல் கடத்தும் ஃபைபர் இழையும், இரு முனையிலும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றும் கருவிகளும் போடுவது எல்லாவற்றிலும் மேலானது. செம்பு வயர்தான் போடுகிறீர்கள் என்றால், சுவருக்குள் நுழையும் துளைக்குச் சற்று முன்னால் அதைக் கீழ்நோக்கி ஒரு சாண் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே எடுங்கள். மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், வயரோடு வழிந்து கணினித் தலைக்குப் போகாது.